கத்திரி வெயிலில் கோல்டு ஃபிஷ் மேலே வந்து வாய் பிளக்கிறது, வெள்ளைப் புள்ளியும் தெரிகிறது. என்ன மருந்து போடலாம்?

அம்மாப்பேட்டை தறி · மே 11, காலை 6:35

வணக்கம் நண்பர்களே, கொஞ்சம் அவசரம். 3 அடி நீளம், 1 அடி அகலம், 15 அங்குல உயரத் தொட்டி. ஏறக்குறைய 100 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். உள்ளே ஒராண்டா மூன்று, சாதா கோல்டு ஃபிஷ் ஒன்று, கொஞ்சம் வேலம்பாசி. மேல்மாடி வீடு, தலைக்கு மேல் மொட்டை மாடி. பகல் முழுக்க வாங்கிய சூடு ராத்திரி வரைக்கும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்.

இந்த வாரம் எப்போது விடியற்காலையில் பார்த்தாலும் நான்கு மீனும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுகின்றன. வெளிச்சம் வந்து கொஞ்ச நேரம் போனால் ஓரளவு கீழே இறங்குகின்றன. நேற்று சிவப்பு ஒராண்டா மேல் வெள்ளைப் புள்ளிகளும் தெரிந்தன. கடையில் கேட்டால் நீல மருந்து ஒரு பாட்டில் கொடுத்து, ஹீட்டர் போட்டுத் தண்ணீரை 30 டிகிரிக்கு ஏற்றச் சொன்னார்கள். தெர்மாமீட்டர் மதியம் ஏற்கெனவே 33 காட்டுகிறது. இதற்கு மேல் எங்கே ஏற்றுவது?

மொட்டைமாடி மீன் · மே 11, காலை 7:10

வெள்ளைப் புள்ளி என்றால் இச் என்கிற ஒட்டுண்ணி நோய்தான், சந்தேகமே வேண்டாம். நீல மருந்தைப் போடுங்கள். கூடவே மெடிக்கலில் டெட்ராசைக்கிளின் கேப்சூல் வாங்கிப் பிரித்துக் கொட்டுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

குமிழி · மே 11, காலை 7:42

தறி தம்பி, மருந்து பாட்டிலை இப்போதைக்கு அலமாரியிலேயே வையுங்கள். மூன்று கேள்வி கேட்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

புள்ளிகள் எங்கே இருக்கின்றன? உடம்பு, வால் என்று உப்பைத் தூவிய மாதிரி கண்டபடி இருக்கிறதா, இல்லை செவுள் மூடியின் மேலும் முன்துடுப்பின் முதல் முள் ஓரத்திலும் மட்டும் வரிசையாக இருக்கிறதா?

ஏர் பம்பு ராத்திரியில் ஓடுகிறதா? சத்தத்துக்காக நிறுத்தி வைக்கிறவர்கள் நிறையப் பேர்.

ஃபில்டர் பஞ்சைக் கடைசியாக எப்படிக் கழுவினீர்கள்? குழாயடியிலா, தொட்டித் தண்ணீரிலா?

அம்மாப்பேட்டை தறி · மே 11, காலை 8:20

அக்கா, டார்ச் அடித்துப் பார்த்தேன். செவுள் மூடி மேல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பொடிப்பொடியாக இருக்கிறது. முன்துடுப்பின் முன் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி வரிசையாக இருக்கிறது. வாலில் ஒன்றுகூட இல்லை. மற்ற மூன்று மீனுக்கும் இல்லை. இந்த மீன் மட்டும் பெரிய ஒராண்டாவின் பின்னாலேயே முட்டிக்கொண்டு திரிகிறது.

பம்பு ராத்திரியில் ஆஃப்தான், குழந்தை தூங்குகிற அறை. பஞ்சு குழாயடியில்தான் கழுவினேன், போன வாரம்.

குமிழி · மே 11, காலை 8:31

அது நோயே இல்லை தம்பி. உங்கள் சிவப்பு ஒராண்டா ஆண், வயசுக்கு வந்துவிட்டது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கோல்டு ஃபிஷுக்குச் செவுள் மூடியிலும் முன்துடுப்பிலும் இப்படிப் பரு கிளம்பும். பின்னாலேயே துரத்துகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே. இதற்கு மருந்து போட்டுக் கொன்ற மீன்கள் நம் ஊரில் எவ்வளவோ.

வாய் பிளப்பதுதான் நிஜமான பிரச்சினை. பம்பை இன்றைக்கே இரவும் பகலும் ஓட விடுங்கள். சத்தம் என்றால் பம்பை ஒரு மடித்த துண்டின் மேல் வையுங்கள், அல்லது நீளமான டியூப் போட்டு அடுத்த அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். பம்பு தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் டியூப் வழியாகத் தண்ணீர் திரும்பி ஏறி, பம்பும் போய் தரையும் குளமாகிவிடும்.

டெஸ்ட்கிட் · மே 11, காலை 9:05

அக்கா சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன்.

கடல் மட்டத்தில், 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் 9.1 மி.கி. ஆக்சிஜன் பிடிக்கும். 32 டிகிரியில் 7.3 தான். அதே சமயம், 10 டிகிரி ஏறினால் மீனின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வரவு குறைகிறது, செலவு ஏறுகிறது. ராத்திரியில் வேலம்பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் விடியற்காலையில் நிலைமை மோசமாகி, வெளிச்சம் வந்ததும் தேறுகிறது. இச் அல்லது செவுள் பூச்சி என்றால் வெளிச்சத்தைப் பார்த்து அது விலகப் போவதில்லை.

இரண்டாவது சந்தேகம் அம்மோனியா. குழாயடியில் பஞ்சு கழுவினால் குளோரின் பட்டு அதிலிருக்கும் நல்ல பாக்டீரியா போய்விடும். நம் பக்கம் தண்ணீரின் பி.எச். 8-க்கு மேல் இருப்பது சாதாரணம். பி.எச். 8.2 இருந்து தண்ணீர் 20 டிகிரியில் இருந்தால், மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஆறு பங்குதான் விஷமான நிலையில் இருக்கும். அதே தண்ணீர் 31 டிகிரிக்குப் போனால் அது பன்னிரண்டு பங்கு. குளிர்காலத்தில் தாங்கிய அதே கழிவு மே மாதத்தில் இரண்டு மடங்கு விஷம். தண்ணீர் சோதிக்கிற கிட் இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி மீன் · மே 11, காலை 9:30

சரி, பரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் கேப்சூல் போட்டு வைத்தால் என்ன கெட்டுவிடப் போகிறது? முன்னெச்சரிக்கைதானே.

டெஸ்ட்கிட் · மே 11, காலை 10:02

கெடும். டெட்ராசைக்கிளின் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் மீனுக்குள் போகாது. சேலம் போர் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று பாத்ரூம் குழாயைப் பார்த்தாலே தெரியும். மேக்னசைட் வெட்டி எடுக்கிற ஊர் இது, மெக்னீசியத்துக்கா பஞ்சம்? மருந்து மீனுக்குச் சேராது, வெளிச்சம் பட்டுத் தண்ணீர் செம்மஞ்சளாகும், ஃபில்டர் பாக்டீரியாவுக்கும் கேடு. முன்னெச்சரிக்கை என்று ஆண்டிபயாட்டிக் கொட்டுவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். எதிர்ப்புச் சக்தி வந்த பாக்டீரியா தொட்டிக்குள் மட்டும் இருந்துவிடுவதில்லை. நாம் கையை உள்ளே விடுகிறோம்.

அம்மாப்பேட்டை தறி · மே 11, பகல் 1:15

கிட் வாங்கி வந்தேன். அம்மோனியா 1-க்கும் 0.5-க்கும் நடுவில் ஒரு பச்சை. பி.எச். 8.2. தண்ணீர் இப்போது 32.

ஐஸ் பாட்டில் போடலாமா? ஃப்ரீஸரில் இரண்டு லிட்டர் பாட்டில் வைத்திருக்கிறேன். தண்ணீரையும் இப்போதே மாற்றிவிடட்டுமா?

குமிழி · மே 11, பகல் 1:22

இப்போது மாற்றாதீர்கள்! மொட்டை மாடி சின்டெக்ஸ் தண்ணீர் இந்த நேரத்தில் கை வைத்தால் சுடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாளியில் பிடித்து, ஆண்டிக்ளோரின் (குளோரினை நீக்குகிற மருந்து) போட்டு, ராத்திரி முழுக்க மூடாமல் வையுங்கள். விடியற்காலை ஐந்தரைக்குத் தண்ணீர் தானாகக் குளிர்ந்திருக்கும். அப்போது கால் பாகம் மாற்றுங்கள். இந்த வாரம் தினமும் இப்படியே.

போர் தண்ணீர் என்றால் இன்னொன்று. அது பூமிக்குள்ளிருந்து வரும்போது ஆக்சிஜன் இல்லாமல்தான் வரும். வாளியிலேயே ஏர் ஸ்டோன் (பம்பு டியூபில் மாட்டும் குமிழிக் கல்) போட்டு ஓட விட்டு ஊற்றுங்கள்.

தீனியை அடியோடு நிறுத்துங்கள். வளர்ந்த கோல்டு ஃபிஷ் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. தீனி போடாவிட்டால் அம்மோனியாவும் அவ்வளவாக ஏறாது. தொட்டி லைட்டும் வேண்டாம், அதுவும் சூடுதான்.

டெஸ்ட்கிட் · மே 11, பகல் 1:50

ஐஸ் பற்றி: ஒரு கிலோ ஐஸ் உருகி தொட்டிச் சூட்டுக்கு வரும்வரை உறிஞ்சும் வெப்பம் 100 லிட்டரை ஒரு டிகிரிதான் குறைக்கும். உங்கள் இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டு டிகிரி. உருகி முடிந்ததும் மறுபடி ஏறும். பகல் முழுக்க ஏறி இறங்குகிற அந்த ஊஞ்சல் மீனுக்கு இன்னொரு வேதனை.

மாறாக ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனால் அது எடுத்துப்போகும் வெப்பம் 100 லிட்டரை ஐந்தாறு டிகிரி குறைக்கக்கூடிய அளவு. அறைச் சூடு திரும்ப ஏறுவதால் முழுப் பலன் கிடைக்காது. இருந்தாலும் மூடியைத் திறந்து, டேபிள் ஃபேனைச் சாய்த்துத் தண்ணீர்ப் பரப்பில் காற்று படும்படி வைத்தால் 2 முதல் 4 டிகிரி குறைந்து அங்கேயே நிற்கும். சென்னையில் இது அவ்வளவாக எடுபடாது, காற்றிலேயே ஈரம் அதிகம். சேலத்து மே மாதக் காற்று வறட்டுக் காற்று, நமக்கு அது ஒரு வரம்.

தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கும். அந்தக் குறைவை ஈடுகட்ட மட்டும் ஆர்.ஓ. கேன் தண்ணீர் ஊற்றுங்கள், ஏனென்றால் ஆவியாகும்போது உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். வாரா வாரம் மாற்றுகிற தண்ணீருக்கு ஆர்.ஓ. வேண்டாம், அதில் மீனுக்குத் தேவையான தாதுவே இருக்காது.

ஓமலூர் குளம் · மே 11, பகல் 2:35

நான் கொய் மீன் வளர்க்கிறேன், சிமென்ட் தொட்டி, வெளியே. எனக்கு ஃபேன் கதையெல்லாம் நடக்காது. பச்சை நிழல் வலை போட்டுவிட்டு, பம்பிலிருந்து வரும் தண்ணீரை ஓட்டை போட்ட பி.வி.சி. குழாய் வழியாக மேலிருந்து தூறலாக விழ வைத்திருக்கிறேன். குளிர்ச்சியும் ஆச்சு, ஆக்சிஜனும் ஆச்சு.

அப்புறம் ஒரு கேள்வி. ஒரு கொய்க்கு முதுகில், முதுகுத் துடுப்புக்குக் கீழே, சேணம் போட்ட மாதிரி வெளுத்த திட்டு. வாயோரமும் பஞ்சு மாதிரி. பூஞ்சை என்று நினைத்து உப்பு போட்டேன். ஒரே ராத்திரியில் பரவிவிட்டது.

குமிழி · மே 11, பகல் 2:58

ஓமலூர் அண்ணா, அது பூஞ்சையாக இருக்காது. காலம்னாரிஸ் என்கிற பாக்டீரியா. பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும். நிஜப் பூஞ்சை வெட்டுப்பட்ட இடத்திலும் செத்த சதையிலும்தான் பிடிக்கும், மெதுவாக வளரும், குளிர்ந்த தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். காலம்னாரிஸ் நேர் எதிர். தண்ணீர் சூடாக இருந்தால் மளமளவென்று பரவி ஓரிரு நாளில் மீனையே முடித்துவிடும். சேணம் போட்ட மாதிரி என்று நீங்கள் சொன்ன அந்த அடையாளமே போதும்.

அந்த மீனை உடனே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள், நிழலில், நல்ல ஏர் ஸ்டோனோடு. முடிந்த அளவு குளிர்ச்சியாக வையுங்கள். ஆண்டிபயாட்டிக் தேவைப்படுகிற இடம் இதுதான். ஆனால் கடையில் கேட்டு வாங்காதீர்கள், மீன் பார்க்கிற கால்நடை மருத்துவரைக் கேட்டு எந்த மருந்து, எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போடுங்கள். பெரிய தொட்டிக்குப் பயன்படுத்திய வலை, வாளி எதையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

இருபதாவது வளைவு · மே 11, மாலை 4:40

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். கீழே நீங்கள் எல்லாம் வேகும்போது சொல்வதற்குச் சங்கடமாக இருக்கிறது, என் தொட்டி 20 டிகிரி.

எனக்கு நிஜமான இச். ஒயிட் கிளவுட் மின்னோ ஒரு கூட்டம், கூடவே ஹில்ஸ்ட்ரீம் லோச் இரண்டு. புது மின்னோக்கள் சென்னைக் கொளத்தூரிலிருந்து வந்தவை (நம் மேட்டூர்க் கொளத்தூர் இல்லை). ராத்திரி பஸ்ஸில் பாலிதீன் பையில் கிடந்து, மலையேறி வந்ததும் நேராகத் தொட்டியில் விட்டேன். வால், முதுகு எல்லாம் உப்புத் தூவியது போல் இருக்கிறது, சருகில் உடம்பை உரசுகின்றன. இணையத்தில் எல்லோரும் 30 டிகிரிக்கு ஏற்று என்கிறார்கள். கூடவே, பை மேலே ஏறும்போது பலூனாக உப்பியிருந்ததே, அதனால் மீனுக்கு ஏதாவது ஆகியிருக்குமா?

டெஸ்ட்கிட் · மே 11, மாலை 5:12

பை உப்பியதற்கு உயரம்தான் காரணம். சேலம் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். காற்றழுத்தம் குறைவதால் பைக்குள் இருக்கும் காற்று விரிகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் சிப்ஸ் பாக்கெட் உப்புவது மாதிரிதான். இந்த வகை மீன்களுக்குக் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு வழி உண்டு, அதிகப்படி காற்றை வெளியே விட்டுவிடும். அதில் பயமில்லை.

ஆனால் உயரத்தில் வேறொரு சங்கதி இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. அழுத்தம் குறைவதால் தண்ணீர் பிடிக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. ஏற்காட்டில் 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 7.6 மி.கி. தான் பிடிக்கும். சேலத்தில் 30 டிகிரித் தண்ணீர் பிடிப்பது 7.3. கிட்டத்தட்ட ஒன்றுதான்! குளிரில் மீனின் தேவை குறைவு என்பதால் உங்களுக்குப் பிரச்சினை தெரியவில்லை. சூட்டை ஏற்றினால் உடனே தெரியும். ஆகவே ஏர் பம்பு இல்லாமல் ஏற்காட்டில் தண்ணீரைச் சூடாக்காதீர்கள்.

குமிழி · மே 11, மாலை 5:50

30 டிகிரி வைத்தியம் வெப்பமண்டல மீன்களுக்கானது. அந்தச் சூட்டில் இச் பெருக முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒயிட் கிளவுட் சீனாவில் குவாங்சோ பக்கத்து மலை ஓடையிலிருந்து வந்த மீன். 18 முதல் 22 டிகிரி அதற்குச் சுகம். 30-க்கு ஏற்றினால் ஒட்டுண்ணிக்கு முன்னால் மீன் போய்விடும். லோச் அதற்கும் முன்னால்.

இச் எப்படி வாழ்கிறது என்று தெரிந்தால் வைத்தியம் தானாகப் புரியும். மீன் மேல் தெரிகிற புள்ளி தோலுக்கு அடியில் இருக்கிறது, எந்த மருந்தும் அதைத் தொடாது. அது பழுத்துக் கீழே விழுந்து, தரையில் ஒட்டி, நூற்றுக்கணக்கில் பிளந்து, குஞ்சுகள் நீந்தி வெளியே வரும். மருந்து கொல்வது அந்த நீந்துகிற குஞ்சுகளை மட்டும்தான். அவற்றுக்கு இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் தானாகச் செத்துவிடும். இந்தச் சுற்று சேலத்துச் சூட்டில் மூன்று நான்கு நாளில் முடியும். உங்கள் 20 டிகிரியில் ஒரு வாரம் பிடிக்கும், மார்கழிக் குளிரில் இரண்டு வாரத்துக்கு மேலும் இழுக்கும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துகிறவர்களுக்கு அடுத்த வாரம் இரண்டு மடங்காகத் திரும்பி வருவது இதனால்தான்.

நான் செய்வது: தண்ணீரை ஒரு நாளைக்கு ஒரு டிகிரி வீதம் 23-க்கு மட்டும் ஏற்றுவேன், சுற்று கொஞ்சம் வேகமாக ஓடட்டும் என்று. மாலகைட் கிரீன் கலந்த இச் மருந்தைப் பாட்டிலில் போட்ட அளவில் பாதி, லோச்சுக்காக. ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிட வேண்டும், மருந்தை உறிஞ்சிவிடும். தினமும் தரையை சைஃபன் செய்து (டியூபால் அழுக்கை உறிஞ்சி) கால் பாகம் தண்ணீர் மாற்றி, மாற்றிய அளவுக்கு மட்டும் மருந்து சேர்ப்பேன். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் குறைந்தது ஒரு வாரம். லோச் இருக்கும் தொட்டியில் உப்பு போட மாட்டேன். கோல்டு ஃபிஷ் மட்டும் இருந்தால் கல் உப்பு லிட்டருக்கு 3 கிராம் வரை, ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று பங்காகப் பிரித்துப் போடலாம். அயோடின் கலந்த தூள் உப்பு வேண்டாம்.

இருபதாவது வளைவு · மே 11, மாலை 6:25

மிக்க நன்றி அக்கா. கடையில் காப்பர் கலந்த மருந்தும் இருக்கிறது, விலை குறைவு. அது ஆகுமா? என் தண்ணீர் எஸ்டேட் ஓடையிலிருந்து வருவது, ரொம்ப மென்மையான தண்ணீர்.

டெஸ்ட்கிட் · மே 11, மாலை 6:48

கூடவே கூடாது. தண்ணீர் எவ்வளவு மென்மையோ அவ்வளவுக்குக் காப்பரின் விஷம் ஏறும். சேலத்துக் கடினத் தண்ணீரில் மீன் தாங்குகிற அளவு உங்கள் ஓடைத் தண்ணீரில் கொன்றுவிடும்.

நீங்களே ஓடை என்று சொன்னதால் ஒன்று கேட்கிறேன். காபித் தோட்டத்தில் இலைத் துரு நோய்க்கு மழைக்கு முன்னால் போர்டோ கலவை அடிப்பார்கள். அது மயில்துத்தமும் சுண்ணாம்பும், அதாவது காப்பர்தான். உங்கள் ஓடைக்கு மேலே தோட்டம் இருந்தால், முதல் கோடை மழை பெய்ததும் அந்தத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். தொட்டியில் நத்தை இருக்கிறதா? நத்தை திடீரென்று சுருண்டு விழுந்தால் காப்பர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இருபதாவது வளைவு · மே 11, இரவு 7:30

தோட்டம் மேலேதான் இருக்கிறது, போன வாரம்தான் அடித்தார்கள். இன்றைக்கே குடிநீர்க் குழாய்த் தண்ணீருக்கு மாறிவிடுகிறேன், ஆண்டிக்ளோரின் போட்டு.

அம்மாப்பேட்டை தறி · மே 14, காலை 6:50

ஃபேன் வைத்த பிறகு மதியம் 29-ஐத் தாண்டவில்லை. பின்பக்கமும் பக்கவாட்டிலும் தெர்மகோல் ஒட்டியிருக்கிறேன், ஜன்னல் பக்கத்துச் சூடு நேராகப் படவில்லை. பம்பு அடுத்த அறையில் ஓடுகிறது. விடியற்காலையில் மீன்கள் கீழேயே இருக்கின்றன. அம்மோனியா 0.25.

ஒராண்டா ஒன்று மட்டும் சாயங்காலம் தலைகீழாகப் புரண்டு மிதக்கிறது, பிறகு சரியாகிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கம் பராமரிப்புக்காக காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் கிடையாது என்று செய்தி வந்திருக்கிறது. அதற்கு என்ன செய்வது?

குமிழி · மே 14, காலை 7:15

29 டிகிரி கோல்டு ஃபிஷுக்கு இன்னும் அதிகம்தான். ஆனால் இந்த மாதத்துக்குச் சமாளித்துவிடும். பெரிய தொட்டி வாங்குகிற யோசனை இருந்தால் இந்த ஆண்டுக்குள் வாங்கிவிடுங்கள், நான்கு மீனுக்கு 100 லிட்டர் என்பது சேலத்தில் ரொம்பவே இறுக்கம்.

புரள்வது: உருண்டை உடம்பு ஒராண்டாவுக்கு மலச்சிக்கல் வந்தால் காற்றுப்பை அழுந்தும். பட்டினி முடிந்ததும் மிதக்கிற தீனியை விட்டுவிட்டு, பச்சைப் பட்டாணியை வேகவைத்துத் தோலுரித்து நசுக்கி ஒரு துளி கொடுங்கள். செதில்கள் அன்னாசிப் பழம் மாதிரி விரிந்து நின்றால் மட்டும் உடனே எழுதுங்கள், அது வேறு கதை, சிறுநீரகம் பழுதான அறிகுறி.

ஓமலூர் குளம் · மே 14, காலை 8:05

கரண்ட் விஷயத்துக்கு நான் சொல்கிறேன். மீன் பிடிக்கப் போகிறவர்கள் வைத்திருக்கிற பேட்டரி ஏர் பம்பு கிடைக்கும், யு.எஸ்.பி.யில் ஓடுவதும் உண்டு. போனுக்கு வைத்திருக்கிற பவர் பேங்க்கில் மாட்டினால் நாள் முழுக்க ஓடும். முதல் நாளே ஓட விட்டுச் சரிபாருங்கள். அன்றைக்கு மட்டும் ஐஸ் பாட்டில் போட்டுக்கொள்ளலாம், ஃபேன் இல்லாததால். அரை லிட்டர் பாட்டிலாக வைத்து, ஒன்று கரைந்ததும் அடுத்தது. மொத்தமாக இறக்காதீர்கள்.

கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருப்பது) வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். எட்டு மணி நேரம் நின்றுபோனால் உள்ளே இருக்கும் பாக்டீரியா மூச்சுமுட்டிச் செத்து, தண்ணீர் நாறிப்போயிருக்கும். கரண்ட் வந்ததும் அப்படியே ஆன் செய்தால் அந்த நாற்றம் முழுக்கத் தொட்டிக்குள் வரும். திறந்து அலசிவிட்டு ஓட விடுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு இந்தத் தொல்லை இல்லை, பேட்டரி பம்பின் டியூபை அதிலேயே மாட்டிவிடலாம்.

என் கொய் பிழைத்துக்கொண்டது. திட்டு நின்றுவிட்டது, செதில் இன்னும் வளரவில்லை. தனித் தொட்டியில்தான் இருக்கிறது.

இருபதாவது வளைவு · மே 22, காலை 10:20

மின்னோக்கள் மேல் இப்போது புள்ளி ஒன்றும் இல்லை. மருந்தை இன்னும் நிறுத்தவில்லை. லோச் இரண்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி மேய்கின்றன. நேற்று மழை கொட்டியது, ஓடைத் தண்ணீர் கலங்கல். குழாய்த் தண்ணீரிலேயே இருக்கிறேன்.

தறி நண்பரே, கோடை முடிகிற வரை ஒராண்டாக்களை இங்கே கொண்டுவந்து விடுவதென்றால் என்னிடம் ஒரு காலித் தொட்டி இருக்கிறது.

குமிழி · மே 22, காலை 10:41

கொண்டுபோவதானால் விடியற்காலையில் கிளம்புங்கள், முதல் நாள் தீனி வேண்டாம், பையில் முக்கால் பாகம் காற்று. 29-லிருந்து நேராக 20-இல் விடாதீர்கள். அங்கே தொட்டியை ஹீட்டரால் 27-க்குக் கொண்டுவந்து விட்டு, பிறகு நாளுக்கு ஒரு டிகிரியாக இறக்குங்கள். உங்கள் தண்ணீர் பி.எச். 8.2, அவருடையது கட்டாயம் அதைவிடக் கீழே இருக்கும். அதனால் பையைத் திறந்து அரை மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அவர் தண்ணீரைச் சேர்த்து, கடைசியில் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் உள்ளே போக வேண்டாம். அவர் தொட்டியில் இச் இருந்தது. ஆகவே அவருடைய வலை, சைஃபன் எதுவும் இந்தத் தொட்டிக்கு வரக் கூடாது.